கடுங்காப்பியும் அரை கிரெயின் மாத்திரையும்

அற்புதம்மாளுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான். சண்டை என்று சொல்வதுகூட எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் கௌரவம். நான் கத்தினேன், அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்கு முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரித்தான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் குறைந்தபாடில்லை.

அது 1955ஆம் வருஷம், ஆனி பிறந்த சமயம். பாம்பன் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். சொந்த ஊர் அபிராமம். மிளகாய்ச் செடியையும் பருத்தியையும் பார்த்து வளர்ந்தவனைக் கொண்டுபோய் உப்புக் காற்றில் போட்டிருந்தார்கள். டாக்டர் தங்கசாமி செவ்வாயும் வெள்ளியும் ராமநாதபுரத்திலிருந்து ரயிலில் வருவார். மற்ற நாளெல்லாம் டாக்டர், கம்பவுண்டர், நர்ஸ், கூட்டிப் பெருக்குகிறவன் எல்லாம் நான்தான். சனங்கள் என்னைக் கம்பவுண்டரய்யா என்பார்கள். அந்த ‘அய்யா’வுக்கு நான் எவ்வளவு லாயக்கு என்பது போகப் போகத் தெரியும்.

சண்டைக்குக் காரணம் இதுதான். இளைப்பு நோய்க்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, எபிட்ரின் என்று ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்போம். அரை கிரெயின் எடை, நாக்கில் பட்டால் கசக்கும். அற்புதம்மாளுக்கு ஒரு நாளைக்கு மூன்று வீதம் வாரத்துக்கு இருபத்தொன்று. வைகாசிக் கடைசியில் ஒரு தடவை அவள் அதை வாங்கிப்போன மறுநாளே, அவள் பக்கத்து வீட்டு ராக்கு வந்து தனக்கும் இளைப்பு என்று நின்றாள். முதல் வாரம் நம்பிக் கொடுத்தேன். இரண்டாம் வாரம், ‘எங்கே, மூச்சை இழுத்து விடு பார்ப்போம்’ என்றேன். அந்த மகராசி சங்கு ஊதுகிறவள் மாதிரி மூச்சு விட்டாள். இளைப்பாவது மண்ணாவது.

“யாருக்கு வாங்குற? உண்மையச் சொல்லு” என்று அதட்டினேன்.

“அற்புதத்துக்குத்தாங்கய்யா. அதுக்குப் பத்தலையாம். ராமநாதபுரத்துக் கடையிலயும் ஆள் வச்சு வாங்குது” என்று ராக்கு சொல்லிவிட்டாள்.

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி கண் விழித்து லாரி ஓட்டுகிறவர்கள் இந்த மாத்திரையை விழுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆக, இவள் வாங்கி விற்கிறாள். அடுத்த முறை அவள் வந்தபோது மாத்திரைப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, திருட்டு வியாபாரம் என்றேன், போலீசு என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்த பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

“விக்கலங்கய்யா. நாந்தான் திங்கிறேன். அது தின்னாத்தான் எம்புருசன் கூப்புடுறாரு.”

அவள் புருஷன் யேசுதாஸ் கடலில் போய் மூன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அவளைப் பற்றி இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது தங்கச்சிமடம். பதினெட்டு வயதில் பாம்பனுக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். பன்னிரண்டு வருஷம் குடித்தனம். பிள்ளை இல்லை. யேசுதாஸை எனக்குத் தெரியும். ஒரு தடவை கையில் திருக்கை முள் குத்திவிட்டதென்று வந்து நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நல்ல உயரம், அகன்ற தோள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவன் மாதிரிக் குறைந்த பேச்சு. வலிக்கிறதா என்று கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் அசைத்தான்.

1951 கார்த்திகையில் அவனும் இன்னும் மூன்று பேரும் ஒரு வல்லத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார்கள். அன்று பிற்பகலே கொண்டல் காற்று முறுக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் மூன்று உடல்கள் கரை ஒதுங்கின. யேசுதாஸ் மட்டும் ஒதுங்கவில்லை. தலைமன்னார்ப் பக்கம் கரையேறியிருப்பான், காகிதம் இல்லாதவன் என்று சிலோன்காரன் பிடித்து உள்ளே வைத்திருப்பான் என்று ஒருவன் சொன்னான். மன்னாரில் அவனைப் போலவே ஓர் ஆளைப் பார்த்ததாக இன்னொருவன் சொன்னான். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு என்ன, கேட்கிறவள்தானே அதை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும்.

அற்புதம்மாள் மாமியாரோடு இருந்தாள். கடற்கரைக் களத்தில் காரல் மீனும் நெத்திலியும் காயப்போட்டுப் பொறுக்கி, வாரத்தில் நான்கு நாள் ஓலைப்பெட்டியில் கருவாடு ஏற்றிக்கொண்டு ரயிலில் உச்சிப்புளிக்குப் போய் விற்றுவிட்டு வருவாள். உப்புத் தூசியும் அடுப்புப் புகையும் சேர்ந்து இளைப்பைக் கொண்டுவந்தன.

வீட்டில் ஒரு தீராத வழக்கு இருந்தது. மாமியார் அருள்மேரி, தன் மகன் போய்விட்டான் என்று எப்போதோ அழுது முடித்தவள். அவளுக்கு வேறு பயம். மரித்தவருக்குப் பூசை வைக்கவில்லை என்றால் ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கார்த்திகைக்கு முன்னால் வருகிற கல்லறைத் திருநாளில் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி மாதாகோயில் உபதேசியாரிடம் கொடுப்பார்கள். பங்குச் சுவாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்து ஜெபிப்பார். யேசுதாஸின் பெயரைக் கொடுக்க வேண்டும் என்று அருள்மேரி வருஷா வருஷம் மன்றாடினாள். உடல் கிடைக்காத ஆளாக இருப்பதால், பெண்சாதி தன் வாயால் சொன்னால்தான் வாசிப்பேன் என்று சுவாமியார் சொல்லியிருந்தார். அற்புதம்மாள் சொல்லவில்லை.

“ஏட்டி, எம்புள்ள அங்கன வேகுறான்டி. ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குதே” என்று அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் என் கண் முன்னாலேயே மருமகளைக் கேட்டிருக்கிறாள். அற்புதம்மாள் மருந்துப் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அருள்மேரி பக்கம்தான் நியாயமாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான்.

குரல் வந்த கதையை அவள் எனக்குச் சொன்னது அந்தச் சண்டைக்குப் பிறகு, கூட்டம் கலைந்த மத்தியானத்தில்.

மாத்திரை தொடங்கியது தை மாதம். மாசியில் ஈஸ்டருக்கு முந்தைய தபசுக்காலம் பிறந்தது. நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டாள். பொழுது சாய்ந்து ஒரே ஒரு வேளைச் சோறு. நடுவில் எதையும் தின்னக் கூடாது, ஆனால் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி குடித்தால் ஒருசந்தி முறியாது. அது அந்தக் கரையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. பசிக்கிறபோதெல்லாம் காப்பி. விடிந்ததும் ஒரு செம்பு, களத்துக்குப் போகுமுன் ஒன்று, வந்ததும் ஒன்று. மாத்திரை கசக்கிறதென்று அதையும் காப்பியோடுதான் விழுங்கினாள். வெற்றிலையைத் தபசுக்காக விட்டுவிட்டாள், காப்பியை இரட்டிப்பாக்கிவிட்டாள்.

“மூணாவது வாரம், வெள்ளிக்கெழம. களத்துல காரலப் பெரட்டிப் போட்டுக்கிட்டு இருக்கேன். நல்ல வெயிலு. கடலுப் பக்கமிருந்து ‘அற்புதம்’னு கேட்டுச்சுங்கய்யா. அவரு குரலுதான். நான் திரும்பிப் பாத்தேன். யாருமில்ல. பக்கத்துல ராக்கு நிக்கிறா, அவளுக்குக் கேக்கல. கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் கேட்டுச்சு.”

“பேரச் சொல்லி மட்டுந்தானா? வேற ஒண்ணுஞ் சொல்லலையா?”

“பேரு மட்டுந்தான்.”

தபசின் பலனாகக் கரையைக் காக்கிற புனித சவேரியார் வாங்கிக்கொடுத்த வரம் என்று அவள் எண்ணினாள். உயிர்ப்புத் திருநாள் வந்தது. எல்லோரையும் போல விருந்து சாப்பிட்டாள், மூன்று வேளையும் சோறு தின்றாள், காப்பி குறைந்தது. குரல் மங்கிவிட்டது. ஒரு வாரம் பார்த்தாள். பிறகு தபசு முடிந்தும் தன் பாட்டுக்கு ஒருசந்தியைத் தொடர்ந்தாள். குரல் திரும்ப வந்தது. ஒரு நாள் இளைப்பு அதிகமாகி இரண்டு மாத்திரை கூடுதலாகப் போட்டாள். அன்று குரல் தெளிவாக, நாலைந்து தடவை வந்தது. பிறகென்ன, பட்டினியும் காப்பியும் மாத்திரையும் அவளுக்கு ஒரே நேர்ச்சையாகிவிட்டன. நான் அவளைப் பிடித்தபோது ஒரு நாளைக்குப் பத்து மாத்திரை, எட்டுச் செம்பு காப்பி.

மாத்திரை கொடுத்தவன் நான். வாரா வாரம் எண்ணிக் கொடுத்தேனே தவிர, எதோடு விழுங்குகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊரையெல்லாம் திட்டத் தெரிந்தவனுக்கு அது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் தங்கசாமி வந்தார். அற்புதம்மாளின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நிமிஷத்துக்கு நூற்று முப்பது. நீட்டச் சொன்ன விரல்கள் நடுங்கின. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதட்டாமல், பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரிப் பேசினார். அந்தப் பொறுமையை அவரிடமிருந்து நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.

“இங்க பாருங்கம்மா. மூளைங்கிறது கோடிக்கணக்கான சின்னச் சின்ன நரம்பு அணு. ஒண்ணு அடுத்ததத் தட்டி எழுப்பும், அது அதுக்கு அடுத்ததத் தட்டும். அப்படித்தான் நாம பாக்குறோம், கேக்குறோம். வேலை செஞ்சா அதுகளுக்கும் களைப்பு வரும், அடங்கி ஒறங்கணும். இந்த மாத்திரை அதுகள வெரட்டுது. காப்பி அதுகள ஒறங்க விட மாட்டேங்குது. ஒண்ணு மாட்ட அடிச்சு ஓட்டுறது, இன்னொண்ணு மூக்கணாங்கயித்த அவுத்து விடுறது. தனித்தனியாப் பரவாயில்ல. ரெண்டும் ஒண்ணாச் சேந்து, வயித்துல சோறும் இல்லாம, ஒறக்கமும் இல்லாமப் போனா, காதுக்குள்ள சத்தமே வராதப்பவும் சத்தம் கேக்குற அணு தானா வேலை செய்ய ஆரம்பிச்சிரும். ஒங்களுக்கு அது நெசமாத்தான் கேக்குது. ஆனா அது வெளிய இருந்து வரல.”

காப்பி ஏன் உறங்க விடுவதில்லை என்பது அப்போது அவருக்கே முழுசாகத் தெரியாது. பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். வேலை செய்யச் செய்ய மூளையில் ஒரு களைப்புச் சரக்கு சேருமாம். அது நரம்பணுவில் தனக்கென்று உள்ள இடத்தில் போய் உட்கார்ந்தால் அணு அடங்கும். காப்பி முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். எபிட்ரினோ, அணுவின் முனையில் சேர்த்து வைத்திருக்கிற முடுக்குச் சரக்கை வெளியே கொட்டவைக்கும். நிறுத்துகிற வேலையை ஒன்று கெடுக்க, ஓட்டுகிற வேலையை மற்றது கூட்டுகிறது. அன்றைக்கு டாக்டர் மாட்டையும் கயிற்றையும் வைத்துச் சொன்னது பெரும்பாலும் சரிதான் என்று தெரிந்தது.

அற்புதம்மாள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கடைசியில், “அப்ப அவரு கூப்புடலையா?” என்றாள்.

“சோதிச்சுப் பாத்துருவோம்” என்றார் டாக்டர். “காப்பிய அடியோட விடுங்க. மூணு வேளையும் சாப்புடுங்க. இளைப்புக்கு நாளைக்கு ஒரே மாத்திரை, அதுவும் காலைல சோத்துக்குப் பெறகு. பத்து நாளு. கூப்புடுறது அவரா இருந்தா நீங்க கஞ்சி குடிச்சா என்ன, காப்பி குடிச்சா என்ன, கூப்புடத்தான செய்வாரு. நின்னுபோச்சுன்னா அது மருந்து. இப்படியே போனா ஒங்க நெஞ்சு இன்னும் ஆறு மாசம் தாங்காது, அதையுஞ் சொல்லிர்றேன்.”

யோசிச்சுச் சொல்றேங்கய்யா என்று போய்விட்டாள். நான்கு நாள் வரவில்லை.

அந்த நான்கு நாளில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். டாக்டர் சொன்னது உண்மைதானா என்று எனக்கே பார்த்துவிட ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிடாமல் நான்கு மாத்திரையை விழுங்கி, மூன்று டம்ளர் கடுங்காப்பி குடித்தேன். ஒரு மணி நேரத்தில் தலைமயிர் வேர்வரை சிலிர்த்தது. மருந்து அலமாரியில் இருந்த புட்டிகளையெல்லாம் இறக்கி, துடைத்து, பெயர் வரிசையில் அடுக்கினேன். திருப்தியில்லாமல் மறுபடி இறக்கி, உயர வரிசையில் அடுக்கினேன். ஊருக்கு மூன்று கடிதம் எழுதினேன், மூன்றிலும் யாரையாவது திட்டியிருந்தேன். நல்ல வேளையாகத் தபாலில் போடவில்லை. நெஞ்சு வாய்க்குள் வந்து அடித்தது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. செத்துப்போன என் அய்யாவை நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காதில் நாடிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது முதலில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு சொன்னார். “சேதுராமன், ஒரு நாள் கூத்துக்கு ஒண்ணும் கேக்காது. அந்தம்மா மாசக்கணக்கா ஒறங்கல. அதோட, மருந்து குரலச் செஞ்சு குடுக்காது. உள்ள எது ராப்பகலா நின்னுக்கிட்டு இருக்கோ அதத்தான் எழுப்பிவிடும். ஒங்களுக்கு அப்படி யாரும் நிக்கல. சந்தோசப்படுங்க.”

நான் சந்தோஷப்படவில்லை. முப்பத்திரண்டு வயதில், கல்யாணமாகாமல், உப்புக் காற்றில் தனியாக ஒரு அறையில் இருந்த எனக்கு அது வசவை விட மோசமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அற்புதம்மாள் வந்தாள். மீதியிருந்த மாத்திரைகளை ஒரு தகர டப்பாவோடு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். எழுபதுக்கு மேல் இருந்தது.

“நான் டாக்டரு சொன்னபடி இருக்கிறேங்கய்யா, பத்து நாளு. மாமி நேத்து எங்கால்ல விழுந்துருச்சு. வயசான மனுசி, எங்கால்ல விழலாமா? ‘நீயும் செத்துப்போனா எம்மகன் பேரச் சொல்ல எவடி இருக்கா’ன்னு அழுவுது.”

முதல் இரண்டு நாள் அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. காப்பியை விட்டால் அப்படித்தான். எழுந்திருக்க முடியாமல் படுத்துத் தூங்கினாளாம், இரண்டு பகலும் இரண்டு இரவும். ராக்கு தினமும் ரயிலுக்குப் போகிற வழியில் எனக்குச் சேதி சொல்லிவிட்டுப் போவாள். எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சுச்சு. மீன் கொழம்பு ஊத்திச் சோறு தின்னுச்சு. களத்துக்கு வந்துச்சு. ஒவ்வொரு நாளும் நான், “கேக்குதாமா?” என்பேன். ராக்கு உதட்டைப் பிதுக்குவாள். அவளுக்கு அதில் பாதி புரியவில்லை.

எனக்கு அந்தப் பத்து நாளில் என்ன ஆசை இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். டாக்டர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அறிவு என்று ஒன்று இருக்கிறது, அதைப் படித்தவன் சொன்னால் நடக்க வேண்டும் என்ற வீம்பு. ஆனால் ஏழாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு அந்தக் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

பதினோராம் நாள் அவளே வந்தாள். முகம் தெளிந்திருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை. கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி எண்பத்திரண்டு, விரல் நடுங்கவில்லை. ஆள் பிழைத்துவிட்டாள்.

“நின்னுருச்சுங்கய்யா” என்றாள்.

“எப்ப?”

“ஆறாம் நாளு ஒரு தடவ கேட்ட மாதிரி இருந்துச்சு. ரொம்பத் தூரத்துல. அதோட சரி.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு வரை யோசிக்கிறேன். சொன்னது இது: “பாத்தியா? நாங்கதான் அப்பவே சொன்னோம்ல.” சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அவள் தலையசைத்தாள். வெளியே போனவள் வாசல்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“கம்பவுண்டரய்யா, ஒரே ஒரு நாளு. ஒரு நாளைக்கு மட்டும் அஞ்சு மாத்திர குடுங்க. காப்பி நான் பாத்துக்கிறேன். ஒரு நாளுல செத்தா போயிருவேன்?”

அவள் கொண்டுவந்து கொடுத்த தகர டப்பா அலமாரியில் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. கை போகவும் போனது. ஆனால் ஒரு நாளில் வராது என்பது எனக்குத் தெரியும், நானே விழுங்கிப் பார்த்தவன். ஒரு நாள் ஒரு வாரமாகும், வாரம் மாதமாகும்.

“குடுக்க மாட்டேன்” என்றேன். கத்தவில்லை. “ஒங்கள மறுபடி அப்படிப் பாக்க என்னால ஆகாதும்மா.”

அது ஆனி மாதம். பிறகு அவள் வாரம் ஒரு முறை வந்து ஏழு மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். கூடுதலாகக் கேட்டதில்லை. ராமநாதபுரத்துக்கும் ஆள் அனுப்பவில்லை என்று ராக்கு சத்தியம் செய்தாள். உடம்பு தேறியது. மறுபடி பெட்டி சுமந்து உச்சிப்புளிக்குப் போனாள். ஆனால் களத்தில் வேலை செய்யும்போது முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள் என்றாள் ராக்கு. எல்லாப் பெண்களும் கடலைப் பார்த்தபடி பொறுக்குவார்கள். இவள் மட்டும் ஊரைப் பார்த்து நிற்பாளாம். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது நானே பார்த்தேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வசதியாக நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அருள்மேரி கொட்டுகிற மழையில் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஏதோ விபரீதம் என்று எழுந்து நின்றேன்.

“பேரு குடுத்துட்டாய்யா! காலையில தானா எந்திரிச்சு உபதேசியாருட்டப் போயி, எம்மகன் பேரக் குடுத்துட்டா. நீங்களும் டாக்டரும் நல்லா இருக்கணும்” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலு வருஷமாக மகனை நெருப்பில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அந்த அழுகையைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்களால் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளன்று நானும் போனேன். அவர்கள் வேதம் வேறு, என் சாமி வேறு, இருந்தாலும் போகத் தோன்றியது. மழை விட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிச் சுற்றி நின்றது. யேசுதாஸுக்குக் கல்லறை இல்லாததால் மாமியாரும் மருமகளும் நடுவில் இருந்த பெரிய சிலுவைக்கு அடியில் நின்றார்கள். சுவாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். யேசுதாஸ் பெயர் வந்தபோது அருள்மேரி முழங்கால் போட்டு விழுந்தாள். அற்புதம்மாள் நின்றபடியே இருந்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

அடுத்த வாரம் மாத்திரை வாங்க வந்தாள். வராந்தாவில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவளிடம் ஏதாவது இதமாகச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக எனக்கு உறுத்தல். என் வாழ்நாளில் இதமாகப் பேசிப் பழக்கமில்லை. ஆகவே உளறினேன்.

“யேசுதாஸ் ஒங்க மேல எம்புட்டுப் பிரியம் வச்சிருந்தா, இத்தன வருசங்கழிச்சும் அவரு கூப்புடுறது ஒங்க மனசுல அப்படியே நின்னுருக்கும்! மருந்து அதத்தான எழுப்பிவிட்டுச்சு. டாக்டரே சொன்னாரும்மா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள் என்று சொல்லலாம்.

“இல்லங்கய்யா. அது அவரில்லன்னு எனக்கு மொத நாளே தெரியும்.”

“மொத நாளேயா?”

“பன்னெண்டு வருசக் குடித்தனத்துல அவரு என்னய ஒரு நாளுகூடப் பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல. ‘ஏ’ம்பாரு, ‘இந்தா’ம்பாரு, ‘ஆருடி உள்ள’ம்பாரு. மோசமான மனுசனெல்லாம் இல்ல. எங்கன போனாலும் எனக்குன்னு எதாச்சும் வாங்கிட்டு வருவாரு. பேரு மட்டும் சொன்னதில்ல. எங்கம்மா செத்த பெறகு என் பேரச் சொல்ல இந்த ஒலகத்துல ஆளில்லங்கய்யா, ராக்கு ஒருத்தியத் தவுர. ஒரு தடவயாச்சும் சொல்லிருவாரா, சொல்லிருவாரான்னு நான் பன்னெண்டு வருசமும் காதத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். கடலுக்குப் போற அன்னைக்குக்கூட ‘இந்தா, கதவச் சாத்திக்க’ன்னுட்டுத்தான் போனாரு.”

நான் மாத்திரையை எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

“தெரிஞ்சிருந்துமா நாலு மாசமா பட்டினி கெடந்து…”

“திரும்பி வந்து ஒரு தடவயாச்சும் பேரச் சொல்லிருவாருன்னு மொதல்ல காத்துக் கெடந்தேன். குரலு வந்த பெறகு, அவரு போயிட்டாருன்னு மாமிகிட்டச் சொல்லிட்டா அதுவும் போயிருமோன்னு பயந்தேன். அதான் பேரு குடுக்கல. மாமியக் கரையவிட்டது பாவந்தான். நீங்க ரெண்டு பேருஞ் சேந்து நிப்பாட்டினீங்க. நல்லதுதான். எனக்கு உசிரு கெடச்சுச்சு, மாமிக்கு மகன் கரையேறுனான்.”

ஏழு மாத்திரையையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“ஆனா எம்புருசன் என்னயப் பேரச் சொல்லிக் கூப்புட்டது அந்த நாலு மாசந்தாங்கய்யா.”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கருவாட்டுப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவள் போனாள். பின்னாலிருந்து ஒரு தடவை ‘அற்புதம்’ என்று கூப்பிட்டுவிடலாமா என்று எனக்கு வாய் வரை வந்தது. அது என் குரலாகத்தான் இருந்திருக்கும். கூப்பிடவில்லை.